வளைந்த அம்புக்குறி

அத்தியாயம் 11

அந்த அம்புக்குறி மறுபடியும் வந்திருந்தது.

கடுகளவுதான் இருக்கும். பென்டிரைவில் இருந்த 'காலாண்டு வினாத்தாள்' என்ற மஞ்சள் ஃபோல்டரின் இடது மூலையில், வெள்ளைக் கட்டத்துக்குள் வளைந்து நின்றது நீல அம்பு. பக்கத்தில் அளவு: இரண்டு கே.பி. முப்பது பக்க வினாத்தாள் இரண்டு கே.பி.க்குள் அடங்காது.

ப்ரியங்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி ஐந்து நிமிடம். காலை பதினோரு மணிக்கு இதே கணினியையும் இதே பென்டிரைவையும் துடைத்து வைத்தாள். அப்போது அம்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை துடைத்தாள், புதன் மாலை வந்தது. புதன் மாலை துடைத்தாள், வியாழன் மாலை வந்தது. இன்று வெள்ளிக்கிழமை, நான்கே மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது.

நாளை காலை பத்து மணி வரைதான் அவளுக்கு நேரம்.

தீவின் தலைநகரில், டெலானிபூர் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், பத்துபஸ்தியில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு தனியார் பள்ளியில் கான்ட்ராக்ட் அறிவியல் ஆசிரியை. ஞாயிறு இரவு வீட்டில் தட்டிய வினாத்தாளைப் பென்டிரைவில் ஏற்றி, திங்கட்கிழமை அதைப் பள்ளி ஆபீஸ் கணினியில் செருகினாள். செவ்வாய்க்கிழமை, அந்தக் கணினியைத் தொட்ட ஒவ்வொரு ஆசிரியரின் பென்டிரைவிலும் அம்பு முளைத்தது. இரண்டு பேருடைய வினாத்தாள்களைக் காணவே காணோம்.

தலைமையாசிரியை ஷீலா மிஸ் எல்லா ஆசிரியர்களுக்கும் முன்னால்தான் கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க. இது எங்கேர்ந்து வந்துச்சு, இனிமே வராதுன்னு எப்படிச் சொல்றீங்க? ரெண்டுக்கும் பதில் வேணும். பதில் இல்லேன்னா அடுத்த கான்ட்ராக்ட் பத்தி நாம பேச வேண்டியதில்ல."

அதற்காகத்தான் இன்று லீவு போட்டிருந்தாள்.

இந்த வைரஸ் செய்யும் தந்திரம் அவளுக்கு இப்போது மனப்பாடம். ஒரு தெருவில் உங்கள் வீட்டை யாரோ திரை போட்டு மறைக்கிறார்கள். பக்கத்தில் அதே பெயர்ப்பலகையோடு ஒரு பொய் வாசல் வைக்கிறார்கள். வருகிறவர் அதில் நுழைகிறார். உள்ளே நிற்கும் ஆள் அவர் கையைப் பிடித்து மரியாதையாக உண்மையான வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிறான். வந்த வேலை முடிந்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. போகிற வழியில் வந்தவரின் சட்டைப் பையில் அவன் எதையோ போட்டுவிட்டான் என்பதும் தெரிவதில்லை. அம்பு போட்ட ஃபோல்டர்தான் பொய் வாசல். உண்மையான ஃபோல்டர் அழிவதில்லை, பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

அப்படிப் பையில் விழுந்த ஒரு சின்ன புரோகிராம் கணினிக்குள் குடியேறுகிறது. பிறகு அந்தக் கணினியில் எதைச் செருகினாலும், அதிலும் திரை கட்டிப் பொய் வாசல் வைக்கிறது.

குடியேறிய புரோகிராமை ப்ரியங்கா தேடிப் பிடித்தாள். அர்த்தமில்லாத எழுத்துகளில் நீளமான பெயர். அதன் மேல் வலது கிளிக் செய்து, உருவான நேரத்தைப் பார்த்தாள்.

இன்று, பிற்பகல் 2.10.

அவள் மறுபடியும் படித்தாள்.

இரண்டு பத்துக்கு அவள் பஜாரில், சாத்தியிருந்த ஜெராக்ஸ் கடை வாசலில் குடையோடு நின்றிருந்தாள். பென்டிரைவ் அவள் கைப்பையில் இருந்தது. கடை திறக்காததால் அதை வெளியே எடுக்கவே இல்லை. இன்டர்நெட்டும் காலையிலிருந்து இல்லை. ரோடு தோண்டியவர்கள் எங்கோ கேபிளை வெட்டிவிட்டார்கள்.

பென்டிரைவ் வழியாகவும் வரவில்லை, நெட் வழியாகவும் வரவில்லை. ஆனாலும் வந்திருக்கிறது.

அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஒருவர்.

*

ராஜகுமாரி பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். ப்ரியங்காவின் மாமியார். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருபது வருடம் பால் எடுத்த கை, கத்தியைப் பார்க்காமலேயே செதில் சீவியது.

"அத்தை, மதியம் யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வருவா இந்த மழையில? ஏன்?"

"ரெண்டு மணிக்கு கம்ப்யூட்டர் ஓடியிருக்கு."

கத்தி ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

"தூசி தட்டுனேன்."

"தூசி தட்டினா கம்ப்யூட்டர் ஆன் ஆகாது அத்தை."

"அன்னிக்கு நீ என்னா கேட்ட? என் பென்டிரைவ எடுத்தீங்களான்னு கேட்ட. நான் மாரியம்மா சத்தியமா எடுக்கலன்னு சொன்னேன். இன்னிக்கும் சொல்றேன். உன் பென்டிரைவ நான் தொடல."

"பென்டிரைவைக் கேக்கல…"

"இந்தா பாரு புள்ள." ராஜகுமாரி நிமிர்ந்தாள். "நாங்க தோட்டத்துச் சனம், கம்ப்யூட்டர்ல ஒரு எழவும் தெரியாதுன்னு போன மாசம் உங்கம்மாகிட்ட போன்ல சொன்ன. என் காதுல விழுந்துச்சு. இன்னிக்கு என்னாடான்னா, நான்தான் கம்ப்யூட்டரக் கெடுத்தேங்கிற. ஒண்ணும் தெரியாதவளா, எல்லாந் தெரிஞ்ச திருடியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு, அதுபடி இருந்துக்கிறேன்."

ப்ரியங்காவுக்கு முகம் சுட்டது. அம்மாவிடம் அப்படிச் சொன்னது உண்மைதான்.

"அத்தை, என் வேலை போயிரும். நாளைக்குக் காலையில போயிரும்."

ராஜகுமாரி கத்தியைக் கீழே வைத்தாள். மீன் சட்டியில் தண்ணீர் ஊற்றியபோது பாதி வெளியே சிந்தியது.

*

"அரே, க்யா ஹுவா? என்ன ஆச்சு? கேட் வரைக்கும் கேக்குது!"

அன்பழகன் மழைக்கோட்டைக் கழற்றியபடியே உள்ளே வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். சரக்குக் கப்பல் வந்தால் வீடு திரும்ப ஆறு மணி, வராவிட்டால் நான்கு மணி. இன்று கப்பல் வரவில்லை.

அம்மா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் சொன்னதைக் கேட்டான். பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

"ப்ரியா, அம்மாவுக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது."

"யாருக்குடா தெரியாது?" என்றாள் ராஜகுமாரி.

அன்பழகன் ஈரச் செருப்பைக் கழற்றக் குனிந்தான்.

"உங்ககிட்டயும் ஒரு கேள்வி இருக்கு," என்றாள் ப்ரியங்கா. "கம்ப்யூட்டரோடயே ஒரு காவல் புரோகிராம் வரும். வைரஸ் உள்ள வந்தா பிடிக்கிறது அதோட வேலை. நம்ம கம்ப்யூட்டர்ல அது ஏன் தூங்குது? வெறுமனே தூங்கல, எழுப்பவே முடியாத மாதிரி யாரோ அமுக்கி வெச்சிருக்காங்க. அப்டேட் எல்லாத்தையும் நிறுத்தி வெச்சிருக்காங்க."

"அது நான்தான்." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "வாங்கின புதுசுல நெட் என்ன லட்சணம்னு உனக்குத் தெரியாதா? ஒரு போட்டோ அனுப்ப அரை மணி நேரம். இது பாட்டுக்கு அப்டேட் அப்டேட்னு எல்லாத்தையும் குடிச்சிட்டு இருந்துச்சு. கடைக்காரன்கிட்ட சொல்லி மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன்."

"கடலுக்கடியில கேபிள் வந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"அஞ்சு… அஞ்சுக்கு மேல."

"திரும்ப ஆன் பண்ணீங்களா?"

அவன் மழைக்கோட்டை மடிக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் இந்தத் தீவில் பலரும் செய்தது அதுதான். கொஞ்சமே கொஞ்சம் வந்த நெட்டைக் காப்பாற்ற, வாசலில் நின்ற காவல்காரனுக்குச் சோறு போடுவதை நிறுத்தினார்கள். நெட் தாராளமாக வந்த பிறகு, பட்டினி கிடந்த காவல்காரனை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐந்து வருடமாகக் கதவு திறந்தேதான் கிடந்திருக்கிறது.

கதவு திறந்திருந்தது சரி. நுழைந்தது எது?

ப்ரியங்கா மறுபடியும் கணினி முன் போய் உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை. முதல் முறையாக மேசையைப் பார்த்தாள்.

கீபோர்டுக்குப் பக்கத்தில் எறும்புகள் வரிசையாகப் போயின. வரிசையின் முடிவில் நான்கு அரிசி. பச்சரிசி.

கணினியின் முன்பக்கம், பென்டிரைவ் செருகும் துளையின் விளிம்பில் இன்னொரு அரிசி ஒட்டியிருந்தது.

அவள் அதை விரல் நுனியில் எடுத்தாள். இந்த வீட்டில் சமைப்பது புழுங்கல் அரிசி. பச்சரிசி எங்கே இருக்கும்?

எழுந்து சமையலறைக்குள் போனாள். அலமாரியின் மேல் தட்டில் சம்புடங்கள் வரிசையாக இருந்தன. பருப்பு, மிளகு, சர்க்கரை. கடைசியாக, மூடியில் சிவப்புப் பெயின்ட் அடித்த ஒரு எவர்சில்வர் சம்புடம். போன வாரம்வரை அது அங்கே இல்லை. பட்சணம் என்று நினைத்து அவள் கேட்காமல் விட்டிருந்தாள்.

"அதத் தொடாத," என்றாள் பின்னால் வந்து நின்ற ராஜகுமாரி. குரலில் கோபம் இல்லை.

ப்ரியங்கா மூடியைத் திறந்தாள். பாதி வரை பச்சரிசி. அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஹார்ட் டிஸ்க்.

*

அந்த டிஸ்க்குக்கு வயது பத்து.

நெட் ஆமை வேகத்தில் ஊர்ந்த நாட்களில், கப்பலேறி மெயின்லேண்ட் போய் வந்த ஒருவர் வாங்கி வந்தது. கச்சாலிலிருந்து பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்த ஐந்து குடும்பங்கள் அதை முறை வைத்துப் பார்த்தன. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், சடங்கு எல்லாம் அதில் சேர்ந்தன. நெட் சரியான பிறகும் டிஸ்க் சுற்றுவது நிற்கவில்லை. மழைக்கால ஈரம் படாமல் இருக்கத்தான் அரிசி.

"ஏன் அத்தை சொல்லல?" ப்ரியங்கா டிஸ்க்கை அரிசியிலிருந்து எடுத்தாள். "எத்தனை தடவை கேட்டேன்!"

"நீ பென்டிரைவக் கேட்ட. இது பென்டிரைவா?" ராஜகுமாரி முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "யாரும் கம்ப்யூட்டரத் தொடக்கூடாதுன்னு செவ்வாக்கெழம வேற சொல்லிட்ட. நாளைக்கு இது சௌல்தாரிக்கு, ஒச்சம்மா வீட்டுக்குப் போவணும். எங்க வழக்கம் உனக்குத் தெரியாது. அடுத்தவுக ஏனத்த வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டோம். கொழம்புச் சட்டி வந்தா, நாலு முருங்கக்காயாவது போட்டுத்தான் குடுப்போம். இந்த டிஸ்க்கும் அப்பிடித்தான். வாங்குன வீடு எதையாவது புதுசா ஏத்தித்தான் அனுப்பணும்."

"அதுக்காக?"

"ஞாயித்துக்கெழம நீ வெளிய போனப்ப ஆரம்பிச்சேன். அப்பறம் நீ ஸ்கூலுக்குப் போன பொறவு தினமும் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனேன். பெரிய வீடியோ. மூணு துண்டு. ரெண்டு முடிஞ்சிருச்சு."

"என்ன வீடியோம்மா?" என்றான் அன்பழகன்.

"உங்க கல்யாணந்தான். வேற எதடா ஏத்துவேன்?"



ப்ரியங்கா முதலில் நினைத்தது அதைப் பற்றி அல்ல. அவள் மூளையில் ஓடிக்கொண்டிருந்த சக்கரத்தில் கடைசிப் பல் அப்போதுதான் பொருந்தியது. அவள் துடைத்ததெல்லாம் கணினியையும் பென்டிரைவையும். அரிசிக்குள் இருந்த டிஸ்க்கை யாரும் துடைக்கவில்லை. ஒவ்வொரு மதியமும் அத்தை அம்பு போட்ட ஃபோல்டரைத் திறந்தாள், ஒவ்வொரு மதியமும் புரோகிராம் மறுபடி குடியேறியது.

"டிஸ்க்கைத் திறக்கிறப்ப அம்பு தெரியலையா அத்தை?"

"தெரிஞ்சுச்சு. ஏதோ டிசைனுன்னு நெனச்சேன். டி.வி.ல போட்டா எல்லாம் பக்காவாத்தான் தெரியுது."

அதுவும் சரிதான். இந்த வைரஸ் கணினியின் பாஷையில் எழுதப்பட்டது. கணினியிடம் 'இதைக் காட்டாதே' என்று சொன்னால் அது கேட்கும். டி.வி.க்கு அந்தப் பாஷை தெரியாது, அதனால் உள்ளதை உள்ளபடி காட்டும். டி.வி.யில் மட்டும் பார்த்த நாட்களில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்று கணினியில் செருகியபோதுதான் ஆனது.

அவள் டிஸ்க்கைச் செருகினாள்.

"ஏய், மறுபடியுமா!" என்றான் அன்பழகன்.

"பாக்குறதுல ஆபத்து இல்ல. அம்பைத் திறந்தாத்தான் ஆபத்து." மறைந்தவற்றைக் காட்டும்படி செட்டிங்ஸை மாற்றினாள். அதே அர்த்தமில்லாத நீளப் பெயர் டிஸ்க்கிலும் இருந்தது. உருவான தேதி: ஆகஸ்ட் 29.

"இது நம்ம வீட்டுக்கு என்னைக்கு வந்துச்சு அத்தை?"

"போன ஞாயித்துக்கெழம. மூடிக்குள்ள சீட்டு ஒட்டியிருக்கும், பாரு. வாங்குன தேதிய எழுதணும்."

மூடியைத் திருப்பினாள். பேனாவால் எழுதிய ஐந்து பெயர்கள். அழகம்மா, கணபதி, அதற்குக் கீழே ஆகஸ்ட் 17 என்ற தேதியோடு ஒரு பெயர். அதற்கும் கீழே, செப்டம்பர் 7, ராஜகுமாரி. கடைசியாக, தேதி போடாமல் ஒச்சம்மா.

ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 7 வரை, அதாவது அந்த 29-ம் தேதியும், டிஸ்க் இருந்த வீட்டின் பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

ஷீலா டீச்சர்.

"எங்க எச்.எம்.மா?"

"ஆமா. அவுக வீட்டுக்காரர் கச்சால்காரர்தானே," என்றாள் ராஜகுமாரி, உலகத்துக்கே தெரிந்த விஷயம்போல.

அன்பழகன் கை தட்டினான். "பஸ், அவ்வளவுதான்! முடிஞ்சுது. நாளைக்கு இந்த மூடியைக் கொண்டுபோய் அவங்க டேபிள்ல வை. உன் வேலையை எவன் தொடுறான்னு பாக்கலாம்."

"எல்லா டீச்சருக்கும் முன்னாடியா?" என்றாள் ராஜகுமாரி.

"பின்ன? இவளை எல்லாருக்கும் முன்னாடிதானே கேட்டாங்க?"

ப்ரியங்கா அந்த மூடியைக் கையிலேயே வைத்திருந்தாள். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. நாளை பத்து மணிக்கு இதை மேசையில் வைத்தால், கேள்வி கேட்கிறவர் பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவார்.

"ஸ்கூலுக்கு அதைக் கொண்டுபோனது என் பென்டிரைவ்தான்," என்றாள் மெதுவாக. "அதுவும் உண்மைதானே? கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் நான் அத்தையைத் திருடிங்கிற மாதிரி பாத்தேன். அத்தை செஞ்சது மரியாதை. ஷீலா மிஸ்ஸும் அதே மரியாதைக்குத்தான் எதையோ ஏத்தியிருப்பாங்க."

ராஜகுமாரி அவளை நேராகப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"ஒங்கம்மாகிட்ட அடுத்த தடவ பேசறப்ப, எனக்கு காப்பி பேஸ்ட்டு தெரியும்னு சொல்லு."

*

இருட்டுவதற்குள் வேலையை ஆரம்பித்தார்கள்.

டிஸ்க்கைக் கழற்றி, செட்டிங்ஸைப் பழையபடி மாற்றி வைத்துவிட்டு, கணினியில் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை ப்ரியங்கா நிறுத்தினாள், அழித்தாள். அமுக்கி வைத்திருந்த காவலை விடுவித்தாள். ஐந்து வருடப் பட்டினிக்கு அப்டேட் வேண்டும், நெட் இல்லை. அன்பழகன் தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மேசைமேல் வைத்தான்.

"எல்லாத்தையும் குடிச்சிரும்," என்றாள் அவள்.

"குடிக்கட்டும்."

ஒரு மணி நேரம் ஆனது. பிறகு டிஸ்க்கைச் செருகினாள். செருகிய கையை எடுப்பதற்குள் கணினி 'டிங்' என்று ஒலித்தது. திரையின் மூலையில் சிவப்பாக ஒரு அறிவிப்பு. காவல் பிடித்துவிட்டது. அம்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன. டிஸ்க் காலியாகத் தெரிந்தது.

"அய்யய்யோ, எல்லாம் போயிருச்சா?" என்றாள் ராஜகுமாரி.

"போகல அத்தை. திரைக்குப் பின்னாடி இருக்கு." ஒரு வரிக் கட்டளை தட்டினாள். மறைந்திருந்த ஃபோல்டர்கள் வெளியே வந்தன. திருவிழா. காதுகுத்து. கடைசியாக, ராஜகுமாரி தானே பெயர் தட்டி வைத்த ஃபோல்டர்: 'எங்க மருமக கல்யாணம்'.

ப்ரியங்கா அதைப் படித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மூணாவது துண்டை நீங்களே ஏத்துங்க அத்தை."

ராஜகுமாரி ஏற்றினாள். பிறகு கணினியை அணைத்து மறுபடி ஆன் செய்து, ப்ரியங்கா தன் பென்டிரைவையும் அதே மாதிரி துடைத்துச் செருகினாள். மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். பத்து நிமிடம். இருபது நிமிடம். அம்பு வரவில்லை.

அப்போது போன் அடித்தது. ஷீலா மிஸ்.

"ப்ரியங்கா, நாளைக்குக் கமிட்டி மெம்பர்ஸும் வர்றாங்க. பதில் இருக்கா, இல்லையா?"

"இருக்கு மிஸ். பத்து மணிக்கு ஸ்கூல்ல சொல்லட்டுமா, எட்டு மணிக்கு உங்க வீட்டுல சொல்லட்டுமா?"

"என் வீட்டுலயா? எதுக்கு?"

"சிவப்பு மூடி போட்ட சம்புடம் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு, மிஸ்."

 லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஏழரைக்கு வாங்க," என்றது குரல். "தனியா வாங்க." வைத்துவிட்டார்.

"தனியாவா? அந்தம்மா என்னா நெனைக்குது?" என்றாள் ராஜகுமாரி. "நானும் வர்றேன்."

 ப்ரியங்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சம்புட மூடியின் உள்பக்கம் பெயர்களுக்குக் கீழே ஒட்டும் அளவுக்குக் கிழித்தாள். ஒரு வீட்டில் மட்டும் துடைத்தால் போதாது, துடைக்காத வீட்டிலிருந்து அது மறுபடி சுற்றி வரும். அதனால் ஐந்து வீட்டுக்கும் சேர்த்தே எழுதினாள்:

"முதலில் கணினியின் காவலை ஆன் செய்து, அப்டேட் முடியும்வரை காத்திருக்கவும். அதன் பிறகே டிஸ்க்கைச் செருகவும். அம்பு போட்ட எதையும் திறக்க வேண்டாம், அழித்துவிடவும். உள்ளே இருப்பது அழியாது, மறைந்துதான் இருக்கும், வெளியே கொண்டுவரலாம். சனிக்கிழமை பள்ளி வேலை முடிந்ததும் மற்ற நான்கு வீட்டிலும் நானே வந்து செய்து தருகிறேன். அதுவரை இந்த டிஸ்க்கை டி.வி.யில் மட்டும் போடவும்."